மேற்கிலிருந்து வர வேண்டிய அலை

வாருங்கள், வாசகர்களே! நகராட்சி மண்டபத்தின் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே வந்து, சுவரில் ஆள் உயரத்துக்குத் தொங்கும் அந்த வரைபடத்தைக் கண்ணாரக் காணுங்கள். நடுவில் எரிமலை. மேற்குச் சரிவில் ஒரு தெரு. அந்தத் தெருவின்மேல் புதுக் குருதியைக் கவிழ்த்தாற்போல் ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பைக் காட்டி, வாழ்ந்த மக்களை வெளியே போகச் சொன்னார்கள். அதே சிவப்பைக் காட்டி, காசுள்ளவர்களை உள்ளே வரச் சொன்னார்கள். திருட்டென்றால் திருடனைக் காட்டலாம். தீயென்றால் வைத்த கையைக் காட்டலாம். இங்கே யாரைக் காட்டுவது? எனக்கே பிடிபடவில்லை. பிடிபடாமலே சொல்கிறேன். குழப்பத்தோடு கேளுங்கள், குழம்பாதவர்களால் வந்த கேடுதான் இது.

அந்த வரைபடத்தை வரைந்தவள், மலையடிவார ஆய்வு நிலையத்தில் அலை வாசிக்கும் பெண். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நிலம் குலுங்கினால், அந்தக் குலுக்கல் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி, ஆழத்தில் வளைந்து, சாய்வாக மேலேறி, இந்த மலையின் அடியைத் தட்டும். மனிதக் கால் அதை அறியாது, கருவி அறியும். குளிர்ந்து இறுகிய பாறையில் அலை விரைந்து வரும். வெந்து இளகிய பாறையில் தயங்கி வரும். தயக்கம் என்றால் இமை மூடும் நேரத்தைவிடச் சிறியது. அந்தச் சிறுமையை அளந்து, மலையின் அடியில் வெப்பம் எங்கே குடியிருக்கிறது என்று கண்டறிவதே அவள் தொழில்.

மலையைச் சுற்றிப் புதைத்த கருவிகளில் ஒன்று, மேற்குத் தெருவில் அவளுடைய அக்காள் நடத்திய சலவைக்கடையின் பின்னறையில், தரைக்கடியில் இருந்தது. சலவை இயந்திரங்கள் சுழன்றால் கருவிக்கு வேறொன்றும் கேட்காது. ஆகையால் அக்காளுக்கும் தங்கைக்கும் ஓர் ஏற்பாடு. தொலைதூரத்தில் நிலநடுக்கம் நேர்ந்தவுடன் தங்கையின் கைப்பேசி கூவும். அலை பூமியைக் குடைந்து இங்கு வந்து சேர்வதற்குள் ஒரு தேநீர் ஆற்றிக் குடிக்கும் நேரம் உண்டு. அதற்குள் அவள் அக்காளை அழைப்பாள்.

"அக்கா, மெஷினை நிறுத்து!"

"இப்பதான்டி சோப்பு போட்டேன். உன் அலையைக் கொஞ்சம் லேட்டா வரச் சொல்லு."

"அது லேட்டா வருதான்னு பார்க்கத்தான் நிறுத்தச் சொல்றேன்!"

அக்காள் திட்டிக்கொண்டே நிறுத்துவாள். அரைகுறையாய் நனைந்த துணிகளோடு வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். அக்காளின் கணவர் நகரப் பேருந்தின் ஓட்டுநர். கொழுந்தியாளுக்குப் 'பூகம்பம்' என்று பட்டம் சூட்டியவர் அவர்தான். "என்ன பூகம்பம், இன்னிக்கு எந்த ஊரைக் கவுத்துட்டு வந்திருக்க?" என்று வாசலிலேயே வரவேற்பார். அவளும் சிரிப்பாள். அப்போது அது சிரிக்கத்தக்க பேச்சாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு காலையில் சலவைக்கடையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'இத்தெருவின் அடியில் கொதிபாறை இருப்பது அறிவியலால் உறுதியாகியுள்ளது. மக்களின் நலன் கருதி அனைத்து வீடுகளும் கடைகளும் காலி செய்யப்படும்.' தெருவின் எல்லாக் கதவிலும் அதே தாள்.

தெரு கலங்கியது. மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைக் காலால் சோதித்தனர்.

"எங்க ஹால் சுடுதுங்க," என்றார் பக்கத்துத் தையற்கடைக்காரர்.

"ஜன்னல் பூரா வெயிலு. சுடாம குளிருமா?" என்றாள் அக்காள்.

"எங்க பூனை ரெண்டு நாளா தரையில படுக்க மாட்டேங்குது."

"நீங்க தைச்ச சட்டை மேல படுத்துப் பழகிடுச்சு. அதைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

வாயில் கேலி, கண் மட்டும் கதவில் ஒட்டிய தாளின்மேல். அந்தக் கடையை எழுப்ப அவளும் கணவரும் பட்ட பாட்டைத் தெருவே அறியும். தங்கை வந்து நுழைந்ததும் அக்காள் அறிவிப்பைக் கிழித்து அவள் கையில் திணித்தாள்.

"நீ வரைஞ்ச மேப்பாம்ல? கீழ சுடுதா, சுடலையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுக்கா."

"காலி பண்ணுன்னு மட்டும் ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க?"

தங்கை திகைத்துப் போனாள். அவள் வரைந்தது இதையல்ல. ஆனால் தாளின் அடியில் அச்சாகியிருந்தது அவள் பணியாற்றும் நிலையத்தின் பெயர். மதிய உணவுக்கு வந்த ஓட்டுநர், தட்டின் முன் அமர்ந்தபடி கேட்டார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு, பூகம்பம்."

"உங்க பஸ் கிழக்கு ரூட்ல வருது மாமா. நம்ம தெரு ஸ்டாப்புக்கு லேட்டா வந்து சேருது. எங்க மாட்டிக்கிச்சுன்னு ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? பாலத்துல மாட்டியிருக்கலாம், மார்க்கெட்ல மாட்டியிருக்கலாம். நானே இறங்கி டீ குடிச்சிருக்கலாம்."

"அதேதான். இதுவரைக்கும் நமக்கு வந்த அலை எல்லாமே கிழக்குக் கடல் பக்கத்திலேர்ந்து சாய்வா ஏறி வந்தது. இங்க லேட்டா வருது, அது நிஜம். வழியில எங்கயோ சூடு இருக்கு, அதுவும் நிஜம். ஆனா இவங்க என்ன பண்ணிட்டாங்கன்னா, பஸ் லேட்டு, அதனால ஸ்டாப்புலதான் பள்ளம்னு எழுதிட்டாங்க."

"சரி, மேற்கு ரூட் பஸ் என்ன சொல்லுது? அதுவும் லேட்டா வந்தா ஸ்டாப்புக்கிட்டத்தான் கோளாறு. அது நேரத்துக்கு வந்தா..."

"நம்ம தெருவுக்கு அடியில ஒண்ணுமில்லை, கிழக்குப் பக்கம்தான் எங்கயோன்னு சொல்லலாம். ஆனா கருவி வச்சதிலேர்ந்து மேற்குல பெரிசா ஒண்ணும் ஆடவே இல்லை, மாமா."

ஓட்டுநர் கையைக் கழுவாமலே யோசித்தார். "அப்ப உனக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

வாசகர்களே, இந்தச் சொல்லைக் கவனியுங்கள். 'தெரியாது' என்பதையும் அவள் வரைந்துதான் வைத்திருந்தாள். வெப்பம் இருக்கக்கூடிய வழி நெடுக வெளிறிய ஒரு கீற்று. வேறுவேறு திசையிலிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்காத இடமெல்லாம் சாம்பல் நிறம். தெரு முழுவதும் அந்தச் சாம்பலுக்குள்தான் இருந்தது. அது எங்கே போயிற்று? அவள் நகராட்சிப் பொறியாளரின் அறைக்குப் போனாள்.

"சாம்பல் கலர் அச்சுல அழுக்கு மாதிரி தெரிஞ்சுது, மேடம்," என்றார் பொறியாளர். தீயவர் அல்லர், நாற்காலி எடுத்துப் போட்டவர், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டவர். "அதனால பக்கத்துல இருந்த கலரையே கொஞ்சம் இழுத்து ரொப்பிட்டோம். கம்ப்யூட்டரே பண்ணிடுது."

"அது அழுக்கில்லை சார். தெரியாதுன்னு அர்த்தம்."

"தெரியாதுங்கறதுக்கு ஒரு கலரா?" அவர் மெய்யாகவே வியந்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு மேடம் மேப்பு?"

அறையின் ஓரத்தில் இன்னொருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பூமியைத் துளையிட்டு, அடிவெப்பத்தில் நீராவி எடுத்து, மின்சாரம் செய்யும் நிறுவனத்தின் பிரதிநிதி. அவர் மடியிலும் அதே வரைபடம். அதே சிவப்பு. தலைப்பு மட்டும் வேறு: 'மிகச் சிறந்த இடம்.'

"உங்க மேப் பிரமாதம், மேடம். சூடு இவ்வளவு பளிச்சுன்னு நான் எங்கயும் பார்த்ததில்லை," என்று அவர் பாராட்டினார்.

"சார், அது பல மைல் ஆழத்துல இருக்கு. தெருவுக்குக் கீழதானான்னும் தெரியாது. மலை வெடிக்குமா வெடிக்காதான்னு அது சொல்லவே சொல்லாது. அதுக்கு வேற கருவி, வேற ஆட்கள்."

"தோண்டினா தெரிஞ்சிடப்போகுது," என்று அவர் சிரித்தார்.

அவள் பொறியாளரைப் பார்த்தாள், பிரதிநிதியைப் பார்த்தாள். ஒருவர் அஞ்சி ஆளை வெளியேற்றுகிறார். மற்றவர் மகிழ்ந்து ஆளைக் கொண்டுவருகிறார். இருவரும் ஒரே அறையில், ஒரே தேநீரைக் குடிக்கிறார்கள். இது சூழ்ச்சியா, சோம்பலா? சூழ்ச்சி என்றால் சினம் வரும். சோம்பல் என்றால் சிரிப்பு வரும். அவளுக்கு இரண்டும் வரவில்லை. எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதே ஒரு கணம் மறந்து, தவறான கதவைத் திறந்து, துடைப்பங்கள் அடுக்கிய அறைக்குள் போய் நின்றாள்.

நிலையத்தின் இயக்குநரிடம் முறையிட்டாள். "அவங்க பண்ணினது தப்புதாம்மா," என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "ஆனா தப்புன்னு காட்டணும்னா மேற்கிலேர்ந்து ஒரு நல்ல அலை வேணும். வரட்டும், பார்க்கலாம்."

வரட்டும்! எவ்வளவு எளிய சொல்! எது வரவேண்டும்? அலை வரவேண்டும். அலை வருவதற்கு எது நேரவேண்டும்? நிலம் பிளக்கவேண்டும். எங்கே? மேற்கே. மேற்கே மனிதர் இல்லையா? அடுப்பில் பானை இல்லையா? தொட்டிலில் பிள்ளை இல்லையா? அக்காளின் கூரை நிற்பதற்கு, முகமறியாத ஒருத்தியின் கூரை விழவேண்டும் என்று அவள் நெஞ்சின் ஒரு மூலை காத்திருந்தது. மறுமூலை அதைக் கண்டு கூசியது. கடவுளிடம் வேண்டலாமா என்று நினைத்தாள். என்னவென்று வேண்டுவது? 'பெரிய நடுக்கமாக வா, ஆனால் ஆளில்லாத இடத்தில் வா' என்றா? அப்படியும் ஒருநாள் வேண்டிப் பார்த்தாள்; சொல்லி முடிக்குமுன் வெட்கி நிறுத்தினாள்.

தெருவுக்கோ அந்தக் கூச்சம் இல்லை. ஓட்டுநர் விளக்கிவிட்டார்; தெரு முழுவதும் பேருந்துக் கணக்கு பரவிவிட்டது. தையற்கடைக்காரர் நாள்தோறும் அவளை மறித்து, "மேற்குல ஏதாவது உண்டா?" என்று கேட்டார், வரன் தகைந்ததா என்று கேட்பவரைப்போல.

அது ஒரு நண்பகலில் வந்தது. தங்கை சலவைக்கடையில்தான் இருந்தாள். கருவியின் கம்பியைச் சரிபார்க்க வந்திருந்தாள். கைப்பேசி கூவியது. பார்த்தாள். திசை மேற்கு. அளவு பெரிது.

"அக்கா! மேற்கு! நிறுத்து, எல்லாத்தையும் நிறுத்து!"

அக்காள் ஓடினாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் மூச்சை விட்டு அடங்கின. "மேற்கு வந்துடுச்சு!" என்று தையற்கடைக்காரர் தெருவில் இறங்கிக் கத்தினார். கதவுகள் திறந்தன. யாரோ சீட்டியடித்தார்கள். பலர் கைதட்டினார்கள். தெருமுனையில் திரும்பிய பேருந்தை ஓட்டுநர் அங்கேயே நிறுத்தி இஞ்சினை அணைத்தார்.

"என்னய்யா, நடுரோட்டுல?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

"அலை வருது. யாரும் இறங்காதீங்க, காலைத் தட்டாதீங்க. எங்க வீட்டு விஷயம்."

"அலையா? இங்க ஏதுய்யா கடல்?"

"அட, பேசாம உக்காருங்க சார். பேசினாலும் ஆடும்."

பேச்சால் ஆடாது. ஆனால் யாரும் மறுக்கவில்லை. ஒரு தெரு முழுவதும் மூச்சைப் பிடித்து நின்றது, யாராலும் உணர முடியாத ஒன்றை எதிர்பார்த்து. மடிக்கணினியின் திரையில் கோடு நேராக ஓடியது. தெருவின் அடியில் வெப்பம் இல்லையென்றால் அலை எப்போது வந்துசேர வேண்டுமோ, அந்த இடத்தில் அவள் ஒரு குறி வைத்திருந்தாள். கோடு குறியை நெருங்கியது. குறியைத் தொட்டது. தொட்ட அதே இடத்தில் துள்ளியது.

"நேரத்துக்கு வந்துடுச்சு," என்றாள் தங்கை. குரல் அவளுடையதாகவே இல்லை. "அக்கா, சரியா நேரத்துக்கு வந்துடுச்சு!"

கிழக்குச் சரிவில், நகராட்சி ஆணையர் முதலிய உயர் அலுவலர்களின் பங்களாக்களுக்கு நடுவே புதைத்திருந்த கருவியின் பதிவையும் திரையில் திறந்து பார்த்தாள். அங்கே அலை தாமதம். அவள் கணக்கில் வெப்பம் இந்தத் தெருவை விட்டு நகர்ந்து, மலையின் நடுவயிற்றுக்கும் பங்களாக்களுக்கும் இடையில் எங்கோ போய் அமர்ந்தது. அக்காள் அவளைக் கட்டிக்கொண்டாள். தெரு ஆர்ப்பரித்தது.

அந்த ஆர்ப்பரிப்பில்தான் தையற்கடைக்காரரின் தொலைக்காட்சியை யாரோ போட்டார்கள்.

புழுதி. புழுதிக்குள் ஒரு மனிதர் வெறுங்கையால் கல்லைப் பறித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டு ஒன்று எந்த வீட்டுக்கும் சேராமல் வானைநோக்கி நின்றது. சரிந்த இரு சுவர்களுக்கு நடுவே ஒரு கொடி அறுபடாமல் இருந்தது. அதில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சின்னச் சட்டை, பெரிய சட்டை, ஒரு படுக்கை விரிப்பு.

அக்காள் அந்தக் கொடியையே பார்த்தாள்.

"காலையில யாரோ காயப்போட்டிருக்காங்கடி."

யாரோ தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்கள்.

"நாம கைதட்டினோமே," என்றாள்.

"நாம தட்டினதால அங்க ஆடலைக்கா. அது ஆடி முடிஞ்ச பிறகுதான் நமக்கே தெரியும்."

"அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் தட்டினோமே."

தங்கை மடிக்கணினியை மூடினாள். மகிழ்வதா, அழுவதா? மகிழ்ச்சியை எந்தக் கையில் பிடிப்பது, துயரத்தை எந்தக் கையில் பிடிப்பது? ஓட்டுநர் ஓசையில்லாமல் பேருந்தை எடுத்துச் சென்றார். இயந்திரங்களுக்குள் துணிகள் அழுக்குநீரில் ஊறிக்கிடந்தன. அன்று மாலைவரை அக்காள் அவற்றைச் சுழலவிடவில்லை.

காலி செய்யும் ஆணையை எதிர்த்துத் தெரு கேட்டுப் பெற்ற விசாரணையின் நாள் வந்தது. இப்போது நீங்கள் நிற்கும் இதே மண்டபம். மேடையில் ஆணையர். ஒருபுறம் பொறியாளரும் பிரதிநிதியும் இயக்குநரும்; மறுபுறம் தெரு. தங்கை எழுந்து, மேற்கு அலையையும் அழிக்கப்பட்ட சாம்பல் நிறத்தையும் எடுத்துரைத்தாள். பிரதிநிதிக்குத்தான் முதல் அதிர்ச்சி.

"அப்ப சூடு பங்களா பக்கமா? அங்க எப்படிங்க துளை போடறது? ஆணையர் வீடே அங்கதானே!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆணையர் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு அலையை வச்சு முடிவு பண்ணலாமா?" என்று இயக்குநரைக் கேட்டார்.

"ஒண்ணு போதாதுங்க. இன்னும் சில அலை வேணும்."

தங்கையின் கண்முன் கொடியில் காய்ந்த சின்னச் சட்டை வந்து போனது. இன்னும் சில.

ஆணையர் அவள் பக்கம் திரும்பினார். "நேரடியா கேக்கறேன்மா. அந்தத் தெருவுக்கு அடியில கொதிபாறை இல்லவே இல்லைன்னு உறுதியா சொல்வீங்களா?"

'சொல்வேன்' என்ற ஒரு சொல் போதும். அக்காள் அவள் வாயையே பார்த்தாள். தெரு அவள் வாயையே பார்த்தது. பொய் என்று எவரும் நிறுவ முடியாத பொய் அது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதுதானே அந்தச் சிவப்பு? அதையே தானும் செய்வதா? செய்தால் தெரு பிழைக்கும். பிழைத்து, பிறகு ஒருநாள் தரை திறந்தால்?

"இல்லாம இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு," என்றாள். "உறுதியா... தெரியாது."

பின்வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. அது அக்காளுடையது.

ஆணையர் எழுதியதைப் படித்தார். "நிபுணரே ஐயத்தை நீக்க இயலாத நிலையில், பாதுகாப்புக் கருதி, மேற்குத் தெருவைக் காலி செய்யும் ஆணை தொடர்கிறது."

"அலை லேட்டா வந்தது பங்களாவுலதானே? அங்கயும் இதே தெரியாதுதான். அதையும் காலி பண்ணுவீங்களா?" என்று தங்கை கத்தினாள்.

"கிழக்குச் சரிவைப் பொறுத்தவரை, மேலும் ஆய்வு தேவைப்படுகிறது," என்று அடுத்த வரியைப் படித்தார் ஆணையர்.

அக்காள் எழுந்தாள். பிரதிநிதியை நோக்கிக் கையை நீட்டினாள். "எங்க ஆளுங்க நிக்க ஆபத்துன்னா, அதே இடத்துல உங்க மெஷின் நிக்க ஆபத்தில்லையா?"

"மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கும்மா," என்றார் அவர். கேலி செய்யவில்லை, மெய்யாகவே அதை விடையென்று நம்பினார்.

வெளியே வந்ததும் அக்காள் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உறுதின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு வார்த்தை!"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அவங்க சொன்னது மட்டும் நிஜமா?"

"இல்லை."

"அப்ப நான் என்னடி பண்ணணும்? போகணுமா, இருக்கணுமா?"

"தெரியலைக்கா."

"இந்த ஒரு வார்த்தையைத் தவிர உனக்கு வேற வார்த்தையே வராதா?" என்று கேட்ட அக்காள், கேட்ட வேகத்திலேயே அழுதாள். அழுதுகொண்டே தங்கையின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ஏன் ஒதுக்கினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வாசகர்களே! இந்தப் பெண்ணைக் குற்றவாளி என்பீர்களா? பொறியாளரையா? தெரியாது என்ற சொல் ஒன்றுதான். அது ஏழையின் வாசலுக்கு வந்தபோது வெளியேற்றும் ஆணையாயிற்று. பெரியவர் வாசலுக்கு வந்தபோது மேலும் ஆய்வாயிற்று. எந்த நெறியில் நடந்தது இந்த மாற்றம்? நான் எத்தனையோ வகையில் புரட்டிப் பார்த்துவிட்டேன், விளங்கவில்லை. எனக்கு விளங்கவில்லை என்பதற்காக அந்தத் தெரு காத்திருக்க முடியாது. ஆணைக்கு எதிராக மறுப்புத் தெரிவிக்க இந்த மாத இறுதிவரை காலம் இருக்கிறது. தெருவாசிகள்தான் வரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை, யாரும் வரலாம்.

வாருங்கள். இந்த மண்டபத்தில் வரிசையாக நின்று, உங்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள். பங்களாவுக்கு ஆய்வு என்றால் தெருவுக்கும் ஆய்வு. தெருவுக்கு வெளியேற்றம் என்றால் முதலில் ஆணையரின் வீட்டுக் கதவு பூட்டப்படட்டும். இரண்டில் ஒன்றை அவர் வாயால் சொல்லும்வரை வரிசையைவிட்டு நகராதீர்கள்!